இரண்டாவது பிரேக்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்று பிரேக் வாத்தியாரைப் பற்றிச் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. ஸ்டியரிங்கைப் பிடித்தது அவர்கள். பிரேக் போட்டது அவர்.

டிரைவிங் ஸ்கூல் காரில், ஓட்டப் பழகுகிறவர் காலடியில் இருக்கிற மாதிரியே பக்கத்தில் உட்காருகிற வாத்தியார் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் பதறிப்போய் எதையாவது மிதித்துத் தொலைத்தாலும் வண்டி நின்றாக வேண்டுமே, அதற்காக. மற்ற வாத்தியார்கள் அதை ஆபத்துக்கு வைத்துக்கொண்டார்கள். இவர் வழித்துணைக்கு வைத்துக்கொண்டார். தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தால் போதும், கால் இறங்கிவிடும். தெருமுனையில் நாய் தூங்கிக்கொண்டிருந்தால், அது கெட்ட கனவு கண்டு எழுந்து குறுக்கே ஓடிவந்துவிடுமோ என்று கால் இறங்கிவிடும். அவர் பக்கத்தில் இருந்தவரை ஒருவரும் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு தனியாக ஓட்டப் போன பிறகு, வண்டி ஏன் தானாக நிற்க மாட்டேன் என்கிறது என்று திகைத்தவர்கள்தான் நிறைய.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கால் மட்டும் வேலையை விடாது. எப்போதும் வலது செருப்புதான் முதலில் தேயும். பஸ்ஸில் போனால் முன்சீட்டுக்காரர் கீழே வைத்திருக்கும் பையை மிதித்து வாங்கிக் கட்டிக்கொள்வார். டிவியில் யாராவது யாரையாவது காரில் துரத்தினால் இவர் மேஜைக் காலை உதைப்பார். மகள் நடை பழகின நாட்களில், குழந்தை தள்ளாடி ஒவ்வோர் அடியாக வைக்கும்போது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் மனைவி முதல்முதலாக அவரை "வாத்தியாரே" என்று கூப்பிட்டாள். கேலிக்கு ஆரம்பித்தது, செல்லப்பெயராக ஒட்டிக்கொண்டது.

மனைவிக்கு ஊர் வைத்த பெயர் மருந்தம்மா. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் வேலை. குள்ளமான உருவம். வெளியே வரிசையில் நிற்கிறவர்களுக்கு அவளுடைய மூக்குக்கண்ணாடியும் நெற்றியும்தான் தெரியும். மருந்தைக் கவரில் போட்டு, காலையில் எத்தனை, ராத்திரி எத்தனை, சாப்பிட்ட பிறகா முன்பா என்று சொல்லி, கேட்கிறவரைத் திருப்பிச் சொல்லவும் வைப்பாள். சத்தம் போட்டுப் பேசி யாரும் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அதனால் அவள் மெதுவாகப் பேசுகிறபோதுதான் வரிசையில் நிற்பவர்கள் கொஞ்சம் பயந்து நிற்பார்கள்.

கல்யாணத்துக்கு முன்பு, வேலையில் சேர்ந்த புதிதில், அவளை நடமாடும் மருத்துவ வண்டியில் போட்டிருந்தார்கள். வண்டி என்றால் பெரிய வண்டி இல்லை. சதுரமான, கட்டையான, பச்சை நிறக் குட்டி ஜீப். மலைமேல் இருந்த கடைசிக் குடியிருப்பு வரைக்கும் மண்பாதையில் ஏறிப் போகும். அங்கே ஒற்றை அறை மருந்தகம் ஒன்று. திரும்பி வரும்போது அடிவாரத்தில் ஒரு வறண்ட ஏரியைக் கடக்க வேண்டும். அந்த ஏரிக்குள் இறங்கியதும் வண்டியின் டிரைவர் நிறுத்தி இறங்கிக்கொண்டு, "பிடிங்க, இங்க இடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்று ஸ்டியரிங்கை அவளிடம் கொடுத்துவிடுவார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை அவள் ஓட்டுவாள். அதை எல்லாரிடமும் சொல்ல மாட்டாள். புதிதாகக் குடித்தனம் வந்த வீட்டில், புதிதாக வாய்த்த கணவரிடம் ஒருநாள் சொன்னாள். சொல்லும்போது அவள் கைகள் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தன.

வாத்தியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அந்த டிரைவரோட லைசென்ஸைப் பிடுங்கணும்" என்றார்.

பின்னாளில் இதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். அன்றைக்கு அது சரியான பேச்சாகத்தான் பட்டது.

ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று அவள் கேட்காமல் இல்லை. கேட்டபோதெல்லாம் பார்க்கலாம் என்றார். முதலில் குழந்தை சின்னது என்றார். பிறகு ஸ்கூல் வண்டியை வீட்டு ஆட்களுக்கு எடுத்தால் முதலாளி என்ன நினைப்பார் என்றார். பிறகு ரோட்டில் போக்குவரத்து அதிகமாகிவிட்டது என்றார். அவளுக்குக் கண்ணாடியின் பவர் ஏறியபோது, அது குறையட்டும் என்றார். கண்ணாடியின் பவர் எந்தக் காலத்தில் குறைந்திருக்கிறது என்று கேட்டாள் அவள். ஊரார் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் சொந்த வீட்டில் மட்டும் பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டே வந்தார்.

ஒரே ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளும் சேர்ந்து நச்சரித்ததால், மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஸ்கூல் காரில் மனைவியை ஒரு காலி மைதானத்துக்குக் கூட்டிப்போனார். வண்டி குலுங்காமல் நகர்ந்தது. நாலு ஆள் நீளம் போயிருக்கும், நின்றது. மறுபடி நகர்த்தினாள், மறுபடி நின்றது. மூன்றாம் முறையும் அப்படியே ஆனபோது அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இப்ப எதுக்குப் போட்டீங்க?"

"அந்த ஓரத்துல ஒரு நாய் நிக்குது பாரு."

"அது நிக்குது. வரலையே."

"வந்தா?"

அவள் இன்ஜினை நிறுத்தினாள். இறங்கி, காரைச் சுற்றி வந்து, மகளோடு பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அதன்பிறகு பணி ஓய்வு பெறும்வரை பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவரும் அந்தப் பேச்சு ஓய்ந்தது என்று நிம்மதியாக இருந்தார்.

இருவரும் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு, ஒரு மாலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, அவள் எதையோ ஞாபகம் வந்தவள்போல ஆரம்பித்தாள். பழைய குட்டி ஜீப் ஒன்று வாங்க வேண்டும். புதிது வேண்டாம், ஓடி அடிபட்டதே போதும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாக இருக்க வேண்டும். அந்த மலைமேல் இப்போதும் மண்பாதைதானாம், விசாரித்துவிட்டாளாம். பழகுநர் லைசென்ஸ்கூடப் போய் வாங்கி வந்துவிட்டாள். அதை மருந்துச் சீட்டை நீட்டுகிற மாதிரி மேஜைமேல் வைத்தாள்.

"அந்த மருந்தகம் வரைக்கும் நான் ஓட்டிட்டுப் போகணும். நீங்க பக்கத்துல உக்காந்து வேடிக்க பாத்துட்டு வரணும். அவ்வளவுதான் வாத்தியாரே. வேற எதுவும் நான் கேக்கல."

கேட்கவும் இல்லைதான். வாழ்ந்த காலம் முழுக்க அவள் கேட்டதை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாத்தியார் தலையை ஆட்டினார். அவருக்கும் உள்ளூர ஓர் ஆசை இருந்தது. இத்தனை வருஷமும் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து காலம் போய்விட்டது. சொந்தமாக ஒரு வண்டி வைத்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஓட்டியதே கிடையாது.

வண்டி பார்க்கும் படலம் தொடங்கியது. பார்க்கிறவர் பிரேக் வாத்தியார் அல்லவா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றில் புகை கறுப்பாக வருகிறது என்றார். ஒன்றில் புகையே வரவில்லை, அதுதான் சந்தேகமாக இருக்கிறது என்றார். இன்னொன்றில் ஸ்டியரிங் ஆடுகிறது. மற்றொன்றில் ஸ்டியரிங் ஆடவில்லை, சொந்தக்காரர் நாக்கு ஆடுகிறது. ஊர் ஊராக இருவரும் பஸ்ஸில் போய், வண்டிகளுக்கு அடியில் அவர் குனிந்து பார்ப்பதும், கைப்பையை அணைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நிற்பதும், வெறுங்கையோடு திரும்புவதுமாக மாதங்கள் போயின. ஒருநாள் திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள்:

"நீங்க வண்டி பாக்கறீங்களா, சாக்கு பாக்கறீங்களா?"

அவர் சிரித்து மழுப்பினார்.

அதற்கிடையே அவள் ஒரு மெத்தை தைத்தாள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் பானெட்டுக்கு மேலே அவள் பார்வை எட்டாது என்பதால், உயரத்துக்குப் போட்டுக்கொள்ள. பழைய நீலத் திரைச்சீலையில் உறை, நாலு மூலையிலும் சீட்டோடு கட்ட நாடா. தைத்து முடித்ததும், சோபாவில் போட்டு உட்கார்ந்து, இல்லாத கண்ணாடிக்கு வெளியே பார்த்து உயரம் சரிபார்த்தாள்.

கடைசியில் ஒரு வண்டி எல்லாவிதத்திலும் பொருந்தி வந்தது. பள்ளிக்கூட ஆசிரியை ஒருவருடைய வெள்ளை ஜீப். வீட்டுப் பிள்ளைபோல வளர்த்திருந்தார். வாத்தியார் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. குறை கிடைக்காததே அவருக்கு ஒரு குறையாகப் பட்டது. ரெண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார். அடுத்த நாள் மாலைக்குள் அது வேறு யாருக்கோ விற்றுப்போனது. போனில் அந்த ஆசிரியை வருத்தப்பட்டுச் சொன்னதை அவர் மனைவியிடம் சொன்னபோது, அவள் எழுந்து உள்ளே போனாள். அன்றைக்கு அவர் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனால், நீல மெத்தை காய் நறுக்குகிற முக்காலிமேல் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நாடாக்கள் நாலு பக்கமும் தொங்கின.

அந்தக் காட்சி அவரை என்னவோ செய்துவிட்டது. அடுத்து வருகிற வண்டி எதுவானாலும் வாங்கிவிடுவது என்று முடிவுசெய்தார். வாழ்நாளெல்லாம் நிதானத்துக்குப் பேர்போன மனிதர் அவசரப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அடுத்து வந்தது ஒரு கால்நடை டாக்டருடைய பழுப்பு நிறக் குட்டி ஜீப். டாக்டர் பருத்த உடம்பு, கலகலப்பான பேச்சு. "ஆடு மாடு ஏறின வண்டிங்க. மனுஷன் ஏறின வண்டிய விட சுத்தம். தினமும் உள்ள வெளிய தண்ணி அடிச்சுக் கழுவிருவேன்" என்றார். வாத்தியார் இன்ஜினைக் கேட்டார்; நன்றாக இருந்தது. கிளட்ச், கியர், நாலு சக்கர லிவர் எல்லாம் சொன்னபடி கேட்டன. பிரேக்கை மட்டும் நாலு விதமாகப் போட்டுப் பார்த்தார், பிசிறில்லாமல் பிடித்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, தன் இஷ்டத்துக்கு வளைத்து, தன் இஷ்டத்துக்கு நிறுத்தி ஓட்டுகிற சுகத்தில் மனுஷருக்குப் பத்து வயது குறைந்துபோனது. பக்கத்து சீட்டில் வந்த டாக்டர் இரண்டு கால்களையும் மேலே மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மூட்டு வலிக்கு இப்படித்தான் இதமாக இருக்கிறது என்றார். பின்சீட்டில் இருந்த மருந்தம்மா, அதற்கு ஒரு தைலத்தின் பெயரைச் சொன்னாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் எந்த சீட்டில் உட்கார்ந்தாரோ, அந்த சீட்டில் மட்டும் வாத்தியார் அன்றைக்கு உட்கார்ந்து பார்க்கவில்லை. அங்கே கீழே விரித்திருந்த தடித்த ரப்பர் விரிப்பைத் தூக்கியும் பார்க்கவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்தது. உள்ளே ஆட்டு வாடையும் பினாயில் வாடையும் கலந்து அடித்தன. மருந்தம்மா கண்ணை மூடி மூச்சை இழுத்து, "என் ஆஸ்பத்திரி மாதிரியே இருக்கு" என்றாள். மெத்தை முக்காலியிலிருந்து டிரைவர் சீட்டுக்கு மாறியது.

முதல் நாள் காலையில் அதே வறண்ட ஏரிக்குப் போனார்கள். அதுவரை அவர் ஓட்டினார். ஏரிக்குள் இறங்கியதும் இடம் மாறினார்கள். வாயைத் திறப்பதில்லை என்று அவர் சத்தியம் செய்திருந்தார். அவள் நாடாக்களை இறுக்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சாவியைத் திருகினாள். வண்டி நகர்ந்தது. குலுக்கல் இல்லை, திணறல் இல்லை. வெடித்த சேற்றுமண்மேல் சக்கரங்கள் நொறுநொறுவென்று போயின. இரண்டாவது கியர் போட்டாள். மூன்றாவதும் போட்டாள். அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். அந்த முகத்தை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. இவ்வளவு காலம் கூட வாழ்ந்தும், இப்படி ஒரு முகம் இவளிடம் இருந்தது தனக்குத் தெரியாமலே போயிற்றே என்று நினைத்தார். அப்படி நினைத்துக்கொண்டே நிமிர்ந்தபோது எதிரே கரை தெரிந்தது.

கரை இன்னும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கால் யாரைக் கேட்கும்? வலது கால் தன் முழு பலத்தோடு இறங்கி, இல்லாத பிரேக்கை மிதித்தது.

தரை மளுக்கென்று உடைந்தது. கால் முழங்கால்வரை வண்டிக்கு அடியில் போய்விட்டது.

வருஷக்கணக்காக ஆட்டுக்குட்டிகளையும் கன்றுக்குட்டிகளையும் அந்தக் காலடியில்தான் படுக்கவைத்துக் கொண்டுபோயிருக்கிறார் டாக்டர். அவை பெய்த மூத்திரமும் அவர் அடித்த தண்ணீரும் சேர்ந்து தகட்டை அரித்து, வெறும் அப்பளமாக ஆக்கி வைத்திருந்தன. விரிப்புதான் தரையாக இருந்தது. சம்மணத்துக்கும் மூட்டு வலிக்கும் சம்பந்தமே இல்லை.

வாத்தியாருடைய செருப்புக் குதிகால் ஏரி மண்ணில் உரசிக்கொண்டு வந்தது. வலியில் அவர் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். அவள்தான் சத்தத்தைக் கேட்டுப் பதறாமல் கியரைக் குறைத்து, மெதுவாக பிரேக் போட்டு, முட்டை வைத்த கூடையை இறக்குகிற மாதிரி வண்டியை நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு, அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாள். கணவர் இருக்கிறார், கணவருடைய ஒரு காலைக் காணோம்.

"என்னங்க, நான் ஓட்டிட்டு வர்றேன், நீங்க கீழ ஓடியே வர்றீங்களா?"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலைப் பத்திரமாக உருவி எடுத்து, கைப்பையில் எப்போதும் வைத்திருக்கிற மருந்தால் சிராய்ப்பைத் துடைத்து, ஆஸ்பத்திரிக் கட்டு போட்டாள். வண்டி நிழலில் இருவரும் உட்கார்ந்து பிளாஸ்க்கில் இருந்த டீயைக் குடித்தார்கள். அந்த டாக்டரைத் திட்டலாம் என்று அவர் ஆரம்பித்தபோது, விடுங்கள், அவர் சம்மணம் போட்டதை நீங்கள்தான் கவனித்திருக்க வேண்டும் என்றாள். கோபமே இல்லை அவளிடம்.

"தரையப் போட்டுட்டு வாங்க. மலைக்குப் போகும்போது நான்தான் ஓட்டுவேன். அதுவரைக்கும் இந்தக் காலு மருந்தம்மா பொறுப்பு" என்று கட்டின்மேல் தட்டினாள்.

அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில் அதைவிட நல்ல காலை ஒன்று இருந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. அதோடு விட்டிருக்கலாம்.

வண்டியை வெல்டிங் பட்டறையில் விட்டார். பட்டறைக்காரர் அவரிடம் ஓட்டப் பழகியவர்தான். அழுகின தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு வைக்கலாம், ஒரு வாரத்தில் முடியும் என்றார். அந்த ஒரு வாரம்தான் வினையாகிவிட்டது. காலில் கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு, கண்ணை மூடினால் எதிரே கரை வந்தது. அவள் நிறுத்தினாள், சரி. நிறுத்தாமல் இருந்திருந்தால்? ஏரியில் கரை மட்டும்தான் இருந்தது. மலைப்பாதையில் ஒரு பக்கம் பள்ளம். மண்ணில் சக்கரம் வழுக்கினால்? எதிரே ஒரு வண்டி வந்தால்?

வந்தால் என்ற அந்த ஒரு சொல்லைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் மென்றுகொண்டிருந்தார்.

பரணில் ஒரு பொருள் இருந்தது. டிரைவிங் ஸ்கூலின் பழைய காரை உடைக்கப் போட்டபோது, முதலாளி அந்த இரண்டாவது பிரேக்கைக் கழற்றி, இது இல்லாவிட்டால் நீங்கள் தூங்க மாட்டீர்கள் என்று சிரித்துக்கொண்டே அவரிடம் கொடுத்திருந்தார். மிதித்து மிதித்து அதன் ரப்பர் ஒரு பக்கமாக வழித்தெடுத்த மாதிரி பள்ளமாகியிருந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்து, துணிப்பையில் போட்டுக்கொண்டு, மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பட்டறைக்குப் போனார்.

பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா ஓட்டறதுக்கா? நீங்க வீட்லயே இருந்துட்டா இந்தச் செலவே இல்லையே சார்" என்று கிண்டலடித்தார். வாத்தியார் சிரித்துவிட்டு, கம்பியை எந்த வழியாகக் கொண்டுபோக வேண்டும் என்று காட்டினார். புதுத் தரையும் இரண்டாவது பிரேக்கும் ஒன்றாகவே ஏறின. அவருடைய மனசில் அப்போது கெட்ட எண்ணம் ஒரு துளிகூட இல்லை. அவளுக்கு ஒரு பரிசு செய்கிறோம் என்றே நம்பினார். இனிமேல் எந்தப் பயமும் இல்லாமல் அவளை மலைமேல் ஓட்டவிடலாம், தானும் சொன்ன சொல்லைக் காப்பாற்றலாம். இதைவிட வேறென்ன வேண்டும் என்று, வழியெல்லாம் நிம்மதியாக ஓட்டி வந்தார்.

ஜீப் வாசலில் வந்து நின்றதும் மருந்தம்மா மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். காலையிலேயே பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். முதலில் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்தாள், புதுத் தரையைப் பார்க்க. தகட்டைக் கையால் தட்டிப் பார்த்து, இனிமேல் யானையே மிதித்தாலும் தாங்கும் என்றாள். அப்புறம் அவள் கை நின்றது. ரப்பரில் இருந்த பள்ளத்தை விரலால் தடவினாள். மைதானத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பார்த்த அதே ரப்பர்.

"இத எதுக்கு மாட்டினீங்க?"

"ஒரு பாதுகாப்புக்குத்தாம்மா. மலைப்பாத. சறுக்கினா..."

"அன்னிக்கு ஏரியில வண்டிய நிறுத்தினது யாரு?"

குரல் இறங்கியிருந்தது. மருந்து ஜன்னலில் வரிசையைப் பயப்படுத்துகிற அதே இறக்கம். பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"நீதான்."

"நான்தான் நிறுத்தினேன்னு தெரிஞ்சும் மாட்டினீங்க."

அவர் என்னென்னவோ சொன்னார். உனக்காகத்தான் என்றார், நான் மிதிக்கவே மாட்டேன், சும்மா இருக்கட்டும் என்றார், இப்போதே போய்க் கழற்றிக்கொண்டு வருகிறேன் என்று சாவியை எடுத்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"வேணாம் சார். கழட்டிட்டா மட்டும் உங்க காலு சும்மா இருக்குமா? அது அங்கயே இருக்கட்டும். வண்டிய நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து வர்றேன்."

கதவைப் படாரென்று சாத்தவில்லை. கைப்பிடியைப் பிடித்து மெதுவாகவே சாத்தினாள். மெத்தையோடு உள்ளே போனாள். அது மறுபடி முக்காலிக்குப் போயிருக்கும் என்று அவருக்குத் தெரியும். போய்ப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஊரெல்லாம் அவரை சார் என்றுதான் கூப்பிடும். அவள் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அதற்காக வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது, சமையல் நின்றுவிட்டது என்றெல்லாம் இல்லை. எல்லாம் நடந்தது. அவருடைய காயத்துக்குக் கட்டு மாற்றினாள். ஜீப்பில் மார்க்கெட்டுக்குப் போனார்கள். அவர் ஓட்டினார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். மகள் போனில் கேட்டபோது, எனக்கு ஆசை விட்டுப்போச்சும்மா என்று சாதாரணமாகச் சொன்னாள். அவர் அதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய பழகுநர் லைசென்ஸ் தேதி முடிந்து காலாவதியானது. அவர் நினைவுபடுத்தினார். சரி என்றாள், அவ்வளவுதான்.

மழைக்காலம் முடிந்து, பாதையும் ஏரியும் காய்ந்ததும், மலைக்குப் போகலாமா என்று அவரே கேட்டார். போகலாமே என்றாள். வழக்கம்போல பிளாஸ்க்கில் டீ ஊற்றிக்கொண்டாள். மெத்தையை எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் சொன்ன மாதிரியே பாதை இருந்தது. மண், உருளைக்கல், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நாலு சக்கர லிவரைப் போட்டு அவர் ஏற்றினார். பழைய நாட்களில் டிரைவர் எந்த வளைவில் பீடி பற்றவைப்பார், எந்தச் சுனையில் தண்ணீர் பிடிப்பார்கள் என்று இடம் வரும்போது மட்டும் சொன்னாள். உச்சியில் அந்த ஒற்றை அறை இருந்தது. இப்போது அதில் யாரோ மண்வெட்டியும் உர மூட்டையும் அடுக்கியிருந்தார்கள். ஜன்னல் மட்டும் அப்படியே. அவள் உள்ளே போய் அந்த ஜன்னலுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள். வெளியே நின்ற அவருக்கு அவளுடைய கண்ணாடியும் நெற்றியும்தான் தெரிந்தன.

இறங்கும் வழியில், அடிவாரத்து ஏரி வந்ததும் அவர் வண்டியை நிறுத்தினார். இறங்கிச் சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, சாவியை நீட்டினார். "நான் இங்கயே நிக்கறேன். ஏறவே மாட்டேன். நீ மட்டும் ஓட்டிட்டு வாம்மா" என்றார். எத்தனையோ நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள்.

அவள் சாவியைப் பார்த்தாள். ஏரியைப் பார்த்தாள். அவள் கை மடியிலிருந்து லேசாக எழுந்த மாதிரிகூட அவருக்குத் தோன்றியது.

"வெயில் ஏறுதுங்க. வாங்க, போகலாம்" என்றாள்.

அவர் ஏறி உட்கார்ந்தார். ஏரி மண்ணில் வண்டி நொறுநொறுவென்று போனது. அவள் காலடியில் இரண்டாவது பிரேக் இருந்தது. அதன்மேல் படாமல் தன் கால்களை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டாவது கியர் போட்டார், மூன்றாவது போட்டார். வேகத்தைக் குறைக்கவில்லை. எதிரே கரை வந்துகொண்டிருந்தது. ஒருதடவை, ஒரே ஒருதடவை அவள் கால் இறங்கி அதை மிதித்துவிடாதா என்று காத்திருந்தார். பயந்து மிதித்தாலும் சரி, கோபத்தில் மிதித்தாலும் சரி. கரையிலிருந்த புற்கள் தனித்தனியாகத் தெரிந்தன. புற்களுக்கு நடுவே கற்கள் தெரிந்தன.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைசியில் பிரேக் போட்டது அவர்தான்.